பேர் கொடுக்காமல் வந்தவர்கள்

“ஒரு சாக்கு விரிக்கிற எடம் போதும்ணே,” என்றான் அந்த ஆள், மூன்றாவது தடவையாக.

எனக்கு வந்ததே கோபம். மலைக்கோயில் பொங்கலுக்குத் தை மாதமே பேர் கொடுத்துவிட வேண்டும். சிலமலையிலிருந்து போடி வரைக்கும் ஊர் ஊராகத் தண்டோரா போட்டுச் சொல்லியாயிற்று. நாளைக் காலையில் பொங்கலை வைத்துக்கொண்டு இன்றைக்கு மத்தியானம் வந்து இடம் கொடு என்றால், நான் என்ன மடியிலா கட்டி வைத்திருக்கிறேன்?

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். குரங்கணியில் ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் இறங்கி, அண்டாவையும் அரிசி மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தச் சரிவில் சமதரையாகக் கிடப்பதே கொஞ்சம். மரத்தடிக்கு ஒரு குடும்பம். மூன்று நாளும் அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. ஒருத்தர் அடுப்புக்கல்லை இன்னொருத்தர் நகர்த்தினால் வெட்டுக்குத்து வரைக்கும் போகும்.

ஐந்து வருஷமாக இடம் பிரித்து விடுவது என் சோலி. அதற்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை.

வந்தவன் பெயர் சின்னமுத்து. பக்கத்து மலை ஏலத்தோட்டத்தில் வேலையாம். விடியக் கிளம்பி நடந்தே ஏறி வந்திருக்கிறார்கள். பக்கத்தில் அவன் பெண்சாதி. அவள் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, மடிப்புக் கலையாத புதுக் கவுனோடு.

“பொங்கல் வைக்க வரலைண்ணே. இவ வீட்டு ஆளுக வருவாக. பிள்ளையக் காட்டணும்.”

“அப்ப அவுகளோட போயி உக்காரு.”

“ஊருக்குள்ள சேக்க மாட்டாகண்ணே. ஆறு வருசமா ஒரு தாக்கல் தகவல் கெடையாது. மலையில வச்சுப் பாத்தாத்தான் உண்டு.”

விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். யார் வீட்டுப் பெண் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்னையும் பஞ்சாயத்தில் இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

அவளோ, ஏறி வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் குழந்தையின் காதில் ஏதோ சொல்லிக் கொடுத்தாள். அது கையைக் குவித்து, “தாத்தா, கும்புடுறேன்” என்று சொல்லிப் பார்த்தது.

மனசு இளகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆளைக் கழற்றி விட்டால் போதும் என்றுதான் இருந்தது.

காலியாக ஒரே ஒரு இடம் கிடந்தது. ஓடைக்குப் பக்கத்தில், நாவல் மரத்தடி. நல்ல நிழல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். அத்தனை நெருக்கடியிலும் அங்கே ஒருத்தரும் துண்டு போட்டு இடம் பிடிக்கவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தோட்டத்து ஆட்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டு கூட்டிப் போனேன்.

மரத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

“இது வேணாம்ணே. வேற எடம் குடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பேர் கொடுக்காமல் வந்ததும் இல்லாமல் இடம் வேறு பொறுக்குகிறாளே.

“ஏந் தாயி, உனக்கு மாடி வீடு கேக்குதா?”

“இல்லண்ணே. இந்த எடத்துக்காரக வந்துருவாக. வாரப்ப நாங்க இங்கன உக்காந்திருந்தா கோவிச்சுக்கிருவாக.”

சண்டை வந்துவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அது என் கெட்ட புத்தி.

அவர்கள் வர மாட்டார்கள் என்றேன். இது பொட்டிபுரம் வீரணன் இடம், அவர் ஆடி மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். கேதம் விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது, பங்காளிகள்கூட ஒருத்தரும் வரவில்லை, கேத வீட்டு இடம் என்று மற்றவர்களும் ஒதுங்கிவிட்டார்கள், அதனால்தான் மரத்தடி சும்மா கிடக்கிறது, உனக்கு யோகம்தான் போ என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நல்ல மனுஷன்தான், ஆனால் இடத்துக்கு அலைகிற ஆள் என்றேன். வருவது புருஷனும் பெண்சாதியும் ரெண்டே பேர். ஆனால் ரெண்டு அடுப்புக்கு இடம் வேண்டும் என்று வருஷா வருஷம் மல்லுக்கு நிற்பார். எதுக்கய்யா ரெண்டு என்று கேட்டால், ஆள் வரும்ப்பா திருப்பதி, கொஞ்சம் பொறு என்பார். நானும் பொழுது சாய்கிற வரைக்கும் பார்ப்பேன். ஒரு ஆளும் வராது. ரெண்டாவது இடத்தைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன். போன வருஷம் அதற்காக அவர் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார், நான் விடவில்லையே என்று சொல்லிச் சிரித்தேன்.

சின்னமுத்து என் தோளைப் பிடித்து அழுத்தினான். ஏன் இவன் நம்மைப் பிடிக்கிறான் என்று திரும்பினேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அந்தப் பெண் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, குனிந்து தன் காலையே பார்த்தாள். பிறகு மரத்தடியை விட்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ரெண்டாவது அடுப்பு யாருக்கு என்று.

முறை தெரிந்த ஆளிடம் முறை கேட்பதுபோல அவள் என்னிடம் கேட்டாள்.

“அப்ப நானும் மலை ஏறியிருக்கக் கூடாதுல்லண்ணே?”