வெயில் காலக் கடி

காலில் நாய் கடித்த காயத்தோடு யோகமலர் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தாள். கணவன் வீரக்குட்டி பக்கத்தில் நின்றான். தாதி ரிஸ்னா ஊசியை ஆயத்தம் செய்தபடி விசாரித்தாள்.

"யாற்ற நாய்?"

"எங்கட நாய்தான் மிஸ்ஸி. காலமையில இருந்து வெயிலுக்குள்ள கட்டிக் கிடந்தது. அவிழ்க்கப் போனன், கடிச்சுப்போட்டுது."

"அதுக்குத் தடுப்பூசி போட்டதோ?"

"இல்லை மிஸ்ஸி. ரெண்டு பிள்ளையளும் அதோடதான் விளையாடுறதுகள். அதை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு."

ரிஸ்னா வீரக்குட்டியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அவன் தலை குனிந்தான்.

"வெயில் காலம், நாயை நிழலில கட்டுங்கோ, தண்ணி வையுங்கோ, விசர்நாய்த் தடுப்பூசி இலவசம் எண்டு ஒரு கிழமையா ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டிச் சொல்லிக்கொண்டு போச்சினம். கேக்கேல்லையோ?"

கேட்டது என்று தலையாட்டினான்.

"அதைக் கேட்டுத்தான் நாங்கள் எங்கட பூனைக்கும் ஊசி போட்டனாங்கள். உங்களுக்கு வாய் திறந்து கதைக்க ஏலாதோ?"

வேறு வழியில்லாமல் அவன் தொண்டையைச் செருமினான்.

"மறந்துபோச்சு மிஸ்ஸி."

ரிஸ்னாவின் கை அப்படியே நின்றது.

"இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறன்!"

"ஓம் மிஸ்ஸி," என்றாள் யோகமலர். "ஸ்பீக்கரில சொன்னது இவர்தான். நிலாவெளி வரைக்கும் ஒரு தெரு, ஒழுங்கை விடாமப் போனவர். எங்கட ஒழுங்கைக்குத்தான் இன்னும் வரேல்லை."