பியானோ மட்டும்

அவளுடைய அழகு நிலையத்தில் டிசம்பர் முழுக்கக் கிறிஸ்துமஸ் பாட்டுகள்தான். ஒரே பாட்டைப் பலர் பாடியிருப்பார்கள். யார் பாடியது ஒசத்தி என்று அவளும் அக்காவும் வருஷா வருஷம் மல்லுக்கட்டுவார்கள். அக்கா இறந்துபோனபின் இது முதல் டிசம்பர்.

அன்று மதியம் புதிதாக ஒரு குழு பாடியதை ஒலிக்கவிட்டாள். பல்லவியில் அக்காவின் குரலும் சேர்ந்துகொண்டது, வழக்கம்போலச் சற்றுப் பிந்தி.

தலைக்கு டை போட உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தார். "பின்னாடி பாடுறது யாரும்மா? தாளமே சேரலையே!"

அவள் வேறொருவர் பாடியதைப் போட்டாள். அதிலும் அக்கா. கடைசியில், யாருமே பாடாமல் பியானோ மட்டும் வாசித்ததைப் போட்டாள். முடியும்வரை ஒரு குரலும் இல்லை. பிறகு ஸ்பீக்கரில் அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"இதுதான்டி நல்லாருக்கு. இன்னொரு தடவ போடு."

போட்டாள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி.