அவுட் கொடுத்தவர்

“ஹவ்ஸாட்!”

அசரியா கத்திய கத்தலில், மைதானத்து ஓரம் படுத்திருந்த நாய்கூட எழுந்து நின்றது. அம்பயர் தினகரன் ஒரு நொடி யோசிக்கவில்லை. விரலைத் தூக்கிவிட்டார்.

அவ்வளவுதான், சிட்லபாக்கம் டீம் காலி! இன்னும் ஒரு பந்து பாக்கி இருக்கையில் சேலையூர் ஒரு ரன்னில் ஜெயித்துவிட்டது. பசங்க எல்லாரும் அசரியாமேல் வந்து விழுந்தார்கள். பந்தைப் பிடித்த கீப்பர் ஷ்யாம்சுந்தர் மட்டும் கொண்டாட வராமல் ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

“அஞ்சு விக்கெட்டுண்ணா! இன்னா போடு போட்ற நீ!”

“விடுங்கடா, மொதல்ல உக்காரணும்.”

அசரியாவுக்கு நாற்பத்துமூன்று வயது. வாரம் முழுக்க வகுப்பில் நின்று தேய்ந்த கால். கடைசி ஓவரில் இரண்டு தடவை முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

பத்தொன்பது வருஷம் இதே சிட்லபாக்கத்துக்குத்தான் பந்து போட்டார். போன வருஷம் அந்த டீமின் கேப்டனான இதே தினகரன் அவரைச் சேலையூருக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு இருபத்திரண்டு வயது அனிருத்தை வாங்கிக்கொண்டார். நேரில் சொல்லக்கூட இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு வரி. நான் முடிந்துபோன ஆளில்லை என்று அந்த மனுஷன் கண்ணெதிரே காட்ட வேண்டும், அசரியாவுக்கு அது ஒன்றுதான் வெறி. இன்று அதே அனிருத்தைக் கடைசி விக்கெட்டாகத் தூக்கியாயிற்று!

அனிருத் பேட்டை வீசியெறிந்தான். “நம்மாளே நமக்கு அவுட் குடுப்பாங்களா தினாண்ணா?”

அவன் கேட்டதும் நியாயம்தான். பேட்டிங் டீமில் அவுட்டானவர் அம்பயராக நிற்பது இந்த ஞாயிற்றுக்கிழமை லீக்கில் வழக்கம். சொந்த டீமுக்கே விரலைத் தூக்குவது எந்த ஊர் வழக்கம்?

தினகரன் குனிந்து ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அசரியா நொண்டிக்கொண்டே அவரிடம் போனார்.

“என்ன கேப்டன், இப்ப சொல்லு. நான் முடிஞ்சுபோனவனா?”

“இல்லண்ணா. நல்லா போட்டீங்க.”

சண்டைக்காவது வந்திருக்கலாம், பாவி. அந்தச் சாதுவான பதில்தான் அசரியாவை என்னவோ செய்தது. காலையில் சர்ச்சுக்குப் போய்வந்த மனசு வேறு, சும்மா இருக்க விடவில்லை.

“தினா, எனக்கு மனசு கேக்கல. அது பேட்ல படவே இல்ல. பேட்டு தரைல தட்டுன சத்தம். ஆசையில கத்திட்டேன்.”

“தெரியும்ணா.”

“தெரியுமா? அப்புறம் ஏன்டா குடுத்த?”

தினகரன் ஸ்டம்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்.

“இன்னும் ஒரு பால் போட்டிருந்தா, உங்க முட்டி போயிருக்கும்ணா.”