பதினோரு புள்ளி ஆனதும்

முழங்கால் எரிந்தது. காலையில் கட்டிய கட்டு வீக்கத்துக்குள் புதைந்து கிடந்தது.

நீட்டினால் வலி. மடக்கினால் அதைவிட வலி.

நீட்டினாள். மடக்கினாள். மறுபடி நீட்டினாள். அக்ரா பாட்மிண்டன் அரங்கின் பிளாஸ்டிக் இருக்கை அவளோடு சேர்ந்து கிறீச்சிட்டது.

காலையிலேயே தோற்றாயிற்று. இனி இவள் கையில் ஒன்றும் இல்லை. கீழே லெசேடி ஆடிக்கொண்டிருந்தாள்.

ஒலிம்பிக்குக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒருத்திதான். லெசேடி ஜெயித்தால் லெசேடி. தோற்றால் இவள்.

இவளுக்கு வயது முப்பத்திரண்டு. இந்தக் காலுக்கு அடுத்த ஒலிம்பிக் என்று ஒன்று கிடையாது.

மூன்றாவது செட். எகிப்துக்காரி பத்து. லெசேடி எட்டு.

லெசேடிக்குப் பின்னால் பயிற்சியாளர் நாற்காலி காலியாகக் கிடந்தது. போட்ஸ்வானாவிலிருந்து ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

இவளுக்கு அந்த நாற்காலியைத் தெரியும். கம்பாலாவிலிருந்து பதிமூன்று வருஷம் தனியாக வந்து தனியாக ஆடியவள். பதினோரு புள்ளி ஆனதும் ஒரு நிமிட இடைவேளை. எதிராளிக்கு ஆள் ஓடி வந்து காதில் ஓதும். இவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாள்.

நைரோபியில் ஒரு தடவை அப்படி நின்றபோது, காலி நாற்காலியில் லெசேடி வந்து உட்கார்ந்தாள். அதுவரை இருவரும் பேசிக்கொண்டதுகூட இல்லை.

"எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதுடி. நான் பாட்டுக்கு வாய அசைக்கிறேன், நீ மண்டைய ஆட்டு. அவ பயந்து சாவட்டும்."

இவள் மண்டையை ஆட்டினாள். ஜெயித்தாள். கழுத்தில் ஏறிய முதல் பதக்கம் அது.

இவள் அம்மா கல் உடைத்தவள். குவாரியில் ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்து போனால், பக்கத்தில் இருப்பவள் அவள் குவியலிலும் நாலு கல்லை உடைத்துப் போடுவாள். கேட்டுக்கொண்டு செய்வதில்லை. சொல்லிக் காட்டுவதும் இல்லை.

பதினொன்று, எட்டு.

லெசேடி துண்டை எடுத்தாள். முகத்தை மூடவில்லை. மேலே பார்த்தாள்.

இவள் எழுந்தாள்.

அந்த நாற்காலிக்குப் பதினாலு படி. முதல் படி இறங்கினாள். இரண்டாவது. முழங்கால் வெட்டி இழுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கட்டை அவிழ்த்தாள். இறுக்கிக் கட்டினாள்.

கட்டு நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி அவிழ்த்தாள்.

இன்னும் இருபது நொடி என்று நடுவர் குரல் கொடுத்தார்.

இவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

எகிப்துக்காரி இருபத்தொன்று. லெசேடி பத்தொன்பது.

எகிப்துக்காரி தரையில் விழுந்து அழுதாள். லெசேடி கை கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியேறி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பெட்டியிலிருந்து அள்ளிய ஐஸ் அவள் துண்டுக்குள் இருந்தது. அதை இவள் முழங்காலில் வைத்து அழுத்தினாள்.

"கால பாத்துக்கடி. நாலு மாசந்தான் இருக்கு."

இவள் மண்டையை ஆட்டினாள்.

ஐஸ் உருகிக் காலணிக்குள் இறங்கியது.

லெசேடிக்கு இவள் தர வேண்டியது ஒரு நிமிடம்.