கையைத் தூக்கக் கூடாது

நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் விலாவோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் அந்தப் பெண். டாக்டரம்மாவுக்குப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அக்குள் வாடைக்காக வருகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான், அறைக்குள் நுழைந்ததும் தூரமான இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார்கள்.

பாவம், இவளைப் பார்த்து எத்தனை பேர் மூக்கைச் சுளித்தார்களோ என்று டாக்டரம்மாவுக்கு மனசு இளகியது. கூச்சப்படுகிற நோயாளியைப் பேச வைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு வேறு உண்டு. நைசாகப் பேச்சுக் கொடுத்தார். துணிக்கடையில் வேலையாம். மேல்தட்டுத் துணிகளை எடுத்துப் பிரித்துக் காட்டி, வாங்காமல் போனால் திரும்ப அடுக்க வேண்டுமாம். கையைத் தூக்காமல் பொழுது நகராதாம்.

"வாடை எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"அது ரொம்ப நாளா டாக்டர். எப்படியாவது இந்த ஆபரேஷனைப் பண்ணி விட்டுடுங்க. இது மட்டும் நடக்கலன்னா நான் என்ன பண்ணுவேன்னே தெரியல." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா ஆறுதலாக எல்லாவற்றையும் விளக்கினார். மரத்துப்போக ஊசி போட்டு, அக்குள் மடிப்பில் சின்னதாகக் கீறி, தோலுக்கு அடியில் இருக்கிற வியர்வைச் சுரப்பிகளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வாடை பெரும்பாலும் போய்விடும், ஆனால் துளிகூட இருக்காது என்று சத்தியம் பண்ண முடியாது. வீங்கலாம், கன்றிப்போகலாம், உள்ளே ரத்தம் கட்டலாம், தழும்பும் நிற்கும்.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். இவளோ சுவரில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சும்மா உம் கொட்டினாள்.

"அப்புறம் கட்டு போடுவீங்கல்ல டாக்டர்?" என்று கேட்கும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

போடாமல் என்ன? நன்றாக அழுத்திக் கட்டு போடுவார்கள். ரெண்டு வாரத்துக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கனமான எதையும் எடுக்கக் கூடாது. தலை சீவலாமா என்று கேட்டாள். வேறு யாராவதுதான் சீவிவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. துணி காயப்போடுவது, வீடு துடைப்பது, அடுப்படியில் நிற்பது என்று அவளும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவுமே கூடாது என்று பதில் வந்தது. எவ்வளவு பொறுப்பான நோயாளி என்று டாக்டரம்மா மெச்சிக்கொண்டார்.

"இதை அப்படியே வெளியில இருக்கிற எங்க வீட்டுக்காரர்கிட்டயும் உங்க வாயால சொல்லிடுங்க டாக்டர். நான் சொன்னா எடுபடாது."

வீட்டுக்காரர் வந்தார். சாதுவான மனுஷன். வாடையைப் பற்றிக் கேட்டதற்கு, தன் மூக்குக்கு எதுவும் எட்டியதில்லை, இவள்தான் இருக்கிறது இருக்கிறது என்கிறாள் என்று தலையைச் சொறிந்தார். பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கிறாரா பார் என்று அவரையும் டாக்டரம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. கூடாதவற்றை எல்லாம் மறுபடி ஒரு தடவை ஒப்பித்தார்.

"அப்ப சமையல், பசங்க, எங்க அப்பாவுக்கு மருந்து கொடுக்கிறது, இதெல்லாம்?"

"நீங்கதான்."

"தலை சீவி விடறதும்?"

"அதுவும் நீங்கதான்."

வேலைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, அவள் நன்றாக இருந்தால் போதும், எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது சோதனை. நர்ஸ் வந்து இரண்டு அக்குளிலும் பஞ்சுத் துணியை வைத்து, சற்றுப் பொறுத்து எடுத்து முகர்ந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். டாக்டரம்மா வாங்கித் தானும் முகர்ந்தார். வெயிலில் நடந்து வந்த யாருக்கும் இருக்கிற வியர்வைதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மாவுக்கு இதுவும் புதிதில்லை. இல்லாத வாடையை இருப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே மருகுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். நர்ஸை அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல சேதிம்மா. உங்ககிட்ட வாடையே இல்ல. ஆபரேஷன் தேவையே இல்ல, நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

சந்தோஷத்தில் அழுவாள், இல்லை நம்பாமல் சண்டை போடுவாள் என்று டாக்டரம்மா எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. முகம் மட்டும் அப்படியே விழுந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். வெளியே வீட்டுக்காரர் போனில் யாரிடமோ, துணி துவைக்கிற மெஷினில் முதலில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். டாக்டரம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அப்ப ஆபரேஷன் வேண்டாம் டாக்டர், கட்டு மட்டும் போட்டு விடுங்க."