மிச்சம் பிடித்த தாள்

சரக் சரக்கென்று தாள் புரளும் சத்தம். போட்டோகொப்பி மெஷினுக்கு மை போட்டுக்கொண்டிருந்த நளீம் திரும்புவதற்குள் குரலும் வந்துவிட்டது.

“நானா, மொதப் பக்கம் எங்க?”

உதயராஜ்தான். ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை திறக்கிறான். அதற்கு முப்பது புத்தகம் அடிக்கச் சொல்லியிருந்தான். நூறு வருசத்துப் பழைய சமையல் புத்தகம். நெட்டில் இலவசமாகக் கிடப்பதை நளீம் அச்செடுத்து, கம்பி கோத்து, நானூறு ரூபாய்க்கு விற்கிறான்.

“அட்டை இருக்கு, சமையல் எல்லாம் இருக்கு. இன்னும் என்ன வேணும்?”

“லைசன்ஸ் பக்கம். நெட்டுல போட்டவங்க பேரும் கண்டிஷனும் உள்ள பக்கம். நீங்க விக்கலாம் நானா, தப்பேயில்ல. ஆனா அந்தப் பக்கத்தையும் அதுல உள்ள பேருங்களையும் எடுக்கக் கூடாது. அதான் கண்டிஷன்.”

“ஓசிக்குக் குடுத்ததுக்கும் கண்டிஷனா!” நளீம் சிரித்தான். “தாள் விக்கிற விலைக்கு, யாரும் படிக்காத பக்கத்த ஏன் அடிக்கணும்? நான்தான் அத விடச் சொன்னேன்.”

“அப்ப முப்பதும் வேணாம்.”

நளீமுக்குச் சுருக்கென்றது. முப்பதும் அடித்தாகிவிட்டது. கடை வாடகையில் பாதி அதில்தான் இருக்கிறது.

மூலையில் கடைசிப் புத்தகத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்த அவன் மனைவி கைறுன்னிஸா நிமிரவில்லை. அவன் சொன்னபடி முதல் பக்கத்தை விட்டுவிட்டு அச்செடுத்தவள் அவள்தான்.

“ஒங்க பேரு அதுல இருக்கோ தம்பி? அதுக்குத்தான் இந்தத் துள்ளலா?” என்றான் நளீம்.

“எம் பேரு இல்ல. யாரோ மாசக்கணக்கா உக்காந்து தட்டச்சு செஞ்சிருக்காங்க. அஞ்சு சதம் வாங்கல. பேரையாச்சும் விட்டு வைங்களேன்.”

“சரி, சரி. அந்தப் பக்கத்த முப்பது அடிக்கிறேன். சந்தோசமா?”

மெஷின் முதல் தாளைத் துப்பியது. யார் அந்தத் தர்மவான் என்று நளீம் எடுத்து வாசித்தான்.

‘தட்டச்சும் பிழை திருத்தமும்: கைறுன்னிஸா நளீம், மாத்தளை.’

இன்னொரு தரம் வாசித்தான்.

“இதெல்லாம் எப்ப செஞ்சே?”

“கடையில ஆள் இல்லாத நேரம்.”

“உன்ட பேர நீயே வெட்டிப் போட்டிருக்கியே புள்ள! ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“தாள் விலைய நெனச்சு நீங்க தூங்காமக் கிடந்தீங்க” என்றாள் கைறுன்னிஸா. “எம் பேருக்கு முப்பது தாள் கேக்க மனசு வரல்ல.”

நளீம் அந்தத் தாளோடு மூலைக்கு வந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கம்பியைக் கழற்றத் தொடங்கினான்.