இருநூறு

மகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தார்கள். சாதாரணச் சளியைக்கூட அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை குணசீலனுக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது. அறை வாசலில் நர்ஸ், "சளி, இருமல் ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டபோது இல்லையென்றான். வாரம் ஒருமுறைதான் அனுமதி. உள்ளே தாரிணி, "மாஸ்கைக் கழட்டுப்பா, உன் மீசையைப் பாக்கணும்," என்றாள். ஒரு நொடி இறக்கிக் காட்டினான்.

திரும்பும் பேருந்தில் மூக்கு நீராய் ஒழுகியது. மறுநாள் அடைத்துக்கொண்டது. பிறகு சளி கெட்டியாகி, மஞ்சளாகி, இருமலாக மாறியது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மகளோடு தங்கியிருந்த மனைவி மேகலை வீடியோவில் அழைத்தாள். "உங்க பொண்ணுக்கு உங்ககிட்டத்தான் பேசணுமாம். நான் வேண்டாமாம்."

தாரிணி வாயைத் திறந்தாள். தும்மல் வந்தது.

"நூறு," என்றாள் மேகலை, பழக்கத்தில்.

மீண்டும் தும்மினாள்.

"இருநூறு." இம்முறை மேகலையின் குரல் இறங்கியிருந்தது. "என்னங்க, நீங்களும் வாழ்த்துங்க."

தாரிணி சிவந்த மூக்கோடு திரையைப் பார்த்துக் காத்திருந்தாள். குணசீலன் மைக்கை அணைத்துவிட்டு இருமினான்.